பள்ளிச் சிறாரும் தலைப்பேனும்

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மாதர் கூட்டத்துக்கு நாம் சென்றிருந்தோம். கூலி, நூல் வரத்து, சேமநிதி ஆகிய பொருள்கள் பேசி முடிந்தபின், வேறு ஏதேனும் உண்டா என்று தலைவர் கேட்டார். பின்வரிசையிலிருந்த முதிய அம்மையார் ஒருவர் எழுந்து, தம் பேத்தி மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை என்றும், அதற்குச் சங்கம் ஏதாவது செய்யக்கூடுமா என்றும் வினவினார். காரணம் யாதென்று கேட்டபோது, "தலையில் பேன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டனர். அம்மையார் உட்கார்ந்துவிட்டார்.

சிரித்தவர்களை நாம் குறை கூறவில்லை. பேன் என்ற சொல்லோடு நகைப்பும் அருவருப்பும் ஒட்டிக்கொண்டே வருவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். எனினும் கூட்டம் கலைந்தபின் அவ்வம்மையாருடன் அவர் இல்லம் சென்று விசாரித்தோம். சிறுமி மூன்றாம் வகுப்பு மாணவி, இடுப்பளவு கூந்தல், படிப்பில் கெட்டிக்காரி. அவள் தலையில் ஈர் இருப்பதை ஒருநாள் வகுப்பில் கண்டுபிடித்துத் தனியே கடைசிப் பலகையில் உட்கார்த்தினார்கள். ஓர் ஈர்கூட இல்லாமல் வந்தால்தான் சேர்ப்போம் என்று வீட்டுக்கும் சொல்லியனுப்பினார்கள். தாய் அஞ்சிப்போய் மண்ணெண்ணெயைத் தலையில் ஊற்றித் துணி கட்டிவைத்தாள். பிடரியில் தோல் கொப்பளித்தது. பேன் செத்தது உண்மையே. ஆயினும் மயிரில் வெள்ளை வெள்ளையாக ஈர் தெரிந்தபடியே இருந்ததால், இரண்டு முறை பள்ளி வாசல்வரை போய்ச் சிறுமி திரும்பி வந்தாள். மூன்றாம் முறை அவளே போக மறுத்துவிட்டாள்.

இதற்கிடையில் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தறியில் புதுப் பாவு ஏறியிருந்தது. இராட்டையின் முன் சிறுமி உட்கார்ந்து தார் சுற்றிக் கொடுத்தாள். தகப்பனார் கொடியவர் அல்லர். மகள் படிக்க வேண்டும் என்றே விரும்புகிறவர். ஆனால் கூடுதலாக ஒரு கை கிடைத்த வீடு அந்தக் கையை மிக விரைவில் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. இன்னும் ஒரு மாதம் சென்றிருந்தால், பேன் போனபின்னும் அச்சிறுமி பள்ளிக்குப் போயிருப்பாளா என்பது ஐயமே. விவசாயக் குடும்பங்களில் இராட்டைக்குப் பதிலாக ஆடு மேய்த்தல், பூப் பறித்தல், தம்பியைப் பார்த்துக்கொள்ளுதல் என்று இருக்கும், கதை ஒன்றே. ஆகவே இம்மாதப் பாடப் பகுதியை நூலுக்கோ விதைக்கோ ஒதுக்காமல் பேனுக்கே ஒதுக்குகிறோம். அங்கத்தினர்கள் இதை வீட்டிலுள்ள பெண்மக்களுக்கும் படித்துக் காட்டவேண்டும். ஆண்மக்களும் கேட்டு வைத்தல் நலம்.

தலைப்பேன் என்பது மனிதத் தலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத பிராணி. ஆட்டின்மேலோ நாயின்மேலோ அது வாழாது. முதிர்ந்த பேன் எள்ளளவு இருக்கும். அதாவது நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர். அதன் ஆறு கால்களும் மயிரிழையைக் கவ்விக்கொள்வதற்கென்றே கொக்கிபோல் அமைந்தவை. அதற்குச் சிறகு இல்லை. தெள்ளுப்பூச்சியைப்போல் தாவவும் தெரியாது. ஊர்ந்து செல்வது ஒன்றே அதற்கு வழி. ஆகவே ஒரு தலை மற்றொரு தலையைத் தொட்டால்தான் பெரும்பாலும் அது குடிபெயர முடியும். ஐந்தாங்கல் ஆடும்போதும், ஒரே புத்தகத்தையோ ஒரே கைபேசியையோ நான்கு பேர் குனிந்து பார்க்கும்போதும், ஒரே பாயில் உறங்கும்போதும் பிள்ளைகளின் தலைகள் ஒட்டிக்கொள்கின்றன. பெரியவர்கள் அவ்வாறு இருப்பதில்லை. பேன் பிள்ளைகளை நாடுவதற்குக் காரணம் இதுவே. பெண்பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவதற்கும் அவர்கள் நெருங்கி அமர்ந்து விளையாடும் பழக்கமே முதற்காரணம் என்பர்; கூந்தலின் நீளம் பேனைத் தேடுவதைக் கடினமாக்குகிறது.

அழுக்கால் பேன் வருகிறது என்ற எண்ணம் தவறு. எண்ணெய் முழுக்கிட்டுச் சீயக்காய் தேய்த்த தலையிலும் பேன் அதே இறுக்கத்தோடு பற்றிக்கொள்ளும். செல்வர் வறியர் என்ற வேறுபாடும் அதற்கு இல்லை. பழைய கானான் நாட்டின் இலாக்கீசு நகரிடத்தில், அதாவது இன்றைய இஸ்ரேலில், 2016ஆம் ஆண்டு அகழ்வில் யானைத் தந்தத்தால் செய்த சிறு சீப்பு ஒன்று கிடைத்தது. அதில் ஏழு சொற்கள் பொறித்திருப்பதை அறிஞர் பின்னர்க் கண்டு 2022ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முடியிலும் தாடியிலும் உள்ள பேனை இத்தந்தம் களையட்டும் என்பது அதன் பொருள். சீப்பின் வயது ஏறக்குறைய 3,700 ஆண்டு. எழுத்து முறைகளில் நெடுங்கணக்கு வகையைச் சேர்ந்ததில், முழு வாக்கியமாக இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவற்றில் அது ஒன்று. அக்காலத்தில் தந்தச் சீப்பு வைத்திருந்தவர் கூலிக்காரராக இருந்திருக்க முடியாது! அந்தச் சீமானுக்கு வராத வெட்கம் நம் மூன்றாம் வகுப்புச் சிறுமிக்கு ஏன் வரவேண்டும்?

இனிக் கணக்குக்கு வருவோம். 'ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிறான்' என்று மிகைப்படப் பேசுகிறவனை நாம் பழிப்பதுண்டு. ஈர் பேனாக எத்தனை நாள் ஆகும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. அந்த நாட்கணக்கை அறியாததால்தான் பாடுபட்டுப் பேன் பார்த்த வீடுகளில்கூட அது மறுபடி மறுபடி தலையெடுக்கிறது.

பெண்பேன் நாளொன்றுக்கு 6 முதல் 8 முட்டை இடும். ஒவ்வொரு முட்டையையும் தோலை ஒட்டிய இடத்தில் ஒரு மயிரிழையின் பக்கவாட்டில் பசையால் ஒட்டிவிடும். இந்த முட்டையே ஈர். நாம் பாவுக்கு ஏற்றும் கஞ்சி நீரில் ஊறினால் நெகிழும். இந்தப் பசை எத்தனை முறை தலை முழுகினாலும் நெகிழாது. ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். பொரிந்த குஞ்சு மூன்று முறை சட்டை உரித்து, 9 முதல் 12 நாளில் முதிர்ந்து, தானும் முட்டையிடத் தொடங்கும். ஆக ஒரு முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டை வரை சுமார் மூன்று வாரம். தலையில் இருக்கும்வரை ஒரு பேன் ஏறக்குறைய ஒரு மாதம் உயிர் வாழும். தலையை விட்டு விழுந்ததானால் இரத்தம் கிடைக்காமல் ஓரிரண்டு நாளில் மடிந்துபோகும். வீடு முழுவதும் மருந்து தெளிப்பதும் பாய் தலையணைகளை எரிப்பதும் இதனால்தான் வீண்வேலை. தலையணை உறையையும் துண்டையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும்.

அமாவாசையன்று தறியை நிறுத்தும் வழக்கம் உள்ள ஊர்களில், அந்த ஓய்வு நாளில்தான் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குத் தலை பார்ப்பார்கள். அமாவாசைக்கு அமாவாசை 29 அல்லது 30 நாள். பேனுக்கோ ஒரு தலைமுறை தழைக்க மூன்று வாரமே வேண்டும். இந்த அமாவாசையில் தப்பிய ஈர், அடுத்த அமாவாசை வருமுன் தாயாகிவிடுகிறது. தாய்மார்களின் உழைப்பில் குறைவு இல்லை. நாள் குறித்ததில்தான் குறை.

நாளை எப்படிக் குறிப்பது? முதல் நாள் நன்றாகச் சீவி, ஊரும் பேன் யாவற்றையும் எடுத்துவிட்டதாகக் கொள்வோம். ஈர்கள் சில எஞ்சியிருக்கும். அவை அடுத்த பத்து நாளுக்குள் ஒவ்வொன்றாகப் பொரியும். பொரிந்த குஞ்சு முட்டையிடும் பருவம் அடைய இன்னும் ஒன்பது நாளாவது வேண்டும் அல்லவா? அதற்குள் அதைப் பிடித்துவிட்டால் வம்சம் அற்றுப்போகிறது. ஆகவே 1ஆம் நாள், 5ஆம் நாள், 9ஆம் நாள், 13ஆம் நாள் என நான்கு முறை சீவவேண்டும். கடைசி முறையில் ஒன்றும் அகப்படாவிட்டால் தலை சுத்தமாயிற்று. ஒன்றிரண்டு அகப்பட்டால் மறுபடி நான்கு நாளுக்கு ஒருமுறை தொடரவேண்டியதே. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் பரப்பப்பட்ட முறை இது.

சீவுவதற்கு ஏற்றது பல் நெருங்கிய பேன் சீப்பு. ஈர்வலி, ஈர்கொல்லி என்று நம் முன்னோர் பெயரிட்டு வைத்த கருவிக்கு இன்றைய வடிவம் அது. உலோகப் பல் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நன்று. தறியின் அச்சைக் கொண்டு இதன் நுணுக்கத்தை நம்மவர் எளிதில் அறியலாம். அங்குலத்துக்கு 36 பல் உள்ள அச்சில், கம்பியின் கனத்தையும் சேர்த்து, பல்லுக்குப் பல் சுமார் 0.7 மில்லிமீட்டர். பேன் சீப்பின் இடைவெளியோ 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர்தான் இருக்கவேண்டும். அதைவிட அகன்றதானால் குஞ்சுகள் நழுவிவிடும். அச்சில் ஒரு பல் கோணினாலும் துணியில் கோடு விழும் என்பதை அறிந்த கைக்கு, பல் வளைந்த சீப்பை ஒதுக்கிவிடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தலையை அலசி ஈரமாக வைத்துக்கொண்டு, தேங்காயெண்ணெயைத் தாராளமாகத் தடவவேண்டும். ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் பேன் ஓடாமல் மந்தமாக நிற்கும். சீப்பும் வழுக்கிச் செல்லும். முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுத்து, கூந்தலை நான்கு பாகமாகப் பிரித்து முடிந்து, ஒவ்வொரு பாகமாக அவிழ்த்துச் சீவுக. பேன் சீப்பின் பல் தலைத்தோலைத் தொடும்படி வைத்து, அடி முதல் நுனி வரை ஒரே இழுப்பாக இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியிலோ தட்டிலோ துடைத்துப் பார்க்கவேண்டும். காதுக்குப் பின்னும் பிடரியிலும் இருமுறை சீவுதல் அவசியம். அவை அதற்கு விருப்பமான இடங்கள். நீண்ட கூந்தலுக்கு அரைமணி நேரம் பிடிக்கும். முடிந்தபின் சீப்பைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு வைக்கவேண்டும்.

கண்ணால் பார்த்து நகத்தால் நசுக்கும் பழைய முறை போதாதா என்று கேட்பார் உளர். வெயிலில் பேத்தியை மடியில் சாய்த்துக்கொண்டு பாட்டி பேன் பார்ப்பதில் உள்ள இன்பத்தை நாம் மறுக்கவில்லை. பாதிக் கதைகளை நாம் கேட்டதே அப்படித்தான். ஆனால் அன்று பொரிந்த குஞ்சு ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். பாட்டியின் கண்ணுக்கு அது தப்பும். இஸ்ரேலில் 2001ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், கண்ணால் தேடியதைப்போல் நான்கு மடங்கு பிள்ளைகளிடம் சீப்பு பேனைக் கண்டுபிடித்தது. கதை நடக்கட்டும்; கையில் சீப்பும் இருக்கட்டும்.

சீப்பு ஒன்றே போதும் என்று நாம் அடித்துச் சொல்லவும் இல்லை. வேல்சு நாட்டில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியான சோதனையில், சீவியவர்களில் 38 சதவீதத்தினரே குணமடைந்தனர். மருந்து தடவியவர்களில் 78 சதவீதத்தினர். 2005ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான வேறொரு சோதனையில் நிலைமை தலைகீழாயிற்று. சீவியவர்களில் 57 சதவீதத்தினர், கடை மருந்து தடவியவர்களில் 13 சதவீதத்தினர். சீப்பு அதைப் பிடித்த கையின் பொறுமையைப் பொறுத்தது. மருந்து, பேன் அதற்கு இன்னும் அடங்குகிறதா என்பதைப் பொறுத்தது. நம் அபிப்பிராயத்தில், கைப்பொறுமையையே பிழைப்பாகக் கொண்ட நெசவாளர் குடும்பங்களுக்குச் சீப்பு ஏற்றது. நேரம் கிடைக்காதவர்கள் மருந்தையும் சீப்பையும் சேர்த்தே கையாளலாம்.

மருந்தென்றால் எது? இங்கே விவசாய அங்கத்தினர்கள் தனிக் கவனம் செலுத்தவேண்டும். பயிருக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தைப் பிள்ளையின் தலையில் தடவும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நம் நாட்டில் அவ்வாறு தடவியதால் நஞ்சேறிக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்திகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. சொறிந்து புண்ணான தலைத்தோல் வழியே இந்நஞ்சு வெகு விரைவில் உடலில் இறங்கும். 2013ஆம் ஆண்டு பீகாரின் சாரன் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு உண்டு 23 பிள்ளைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது வயலுக்கு அடிக்கும் மோனோகுரோட்டோபாஸ். வேல்சு சோதனையில் தடவிய மருந்தும் மாலத்தியான்தானே, கடையிலும் மாலத்தியான் கிடைக்கிறதே என்று யாரும் எண்ணிவிடவேண்டா. தலைக்குத் தரும் மருந்தில் அது அரை சதவீதம்; வயலுக்கு வரும் புட்டியிலோ 50 சதவீதம், அதோடு தலைக்கு ஆகாத கரைப்பான்களும் உண்டு. எவரேனும் அறியாமல் தடவி, பிள்ளைக்கு வாயில் நீர் ஒழுகுதல், வாந்தி, வியர்வை, கண்பாவை சுருங்குதல், மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கலாகாது. உடுப்பைக் களைந்து, தலையையும் உடலையும் சோப்பும் நீரும் விட்டுக் கழுவி, 108க்குச் சொல்லி, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

மண்ணெண்ணெயின் தீங்கை மேலே கண்டோம். தோலைப் பொத்துவது மட்டுமன்று. எண்ணெயூறிய தலையோடு அடுப்பருகே போன பிள்ளையின் கதி என்னாகும் என்பதை எழுதவும் கை கூசுகிறது. சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவது நாட்டு வைத்தியத்தில் பேர் பெற்றது. பேன் சாகும் என்பது மெய்யே. ஆனால் அந்த அரைப்பு வழிந்து கண்ணில் பட்டால் விழியின் முன்தோல் புண்ணாகும். நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைப் பலமுறை கண்டு எழுதியிருக்கிறார்கள். பேனுக்காகக் கண்ணைப் பணயம் வைக்கலாமா?

மருந்துக்கடையில் கிடைக்கும் மருந்துகளுள் பெர்மெத்ரின் 1 சதவீத நீர்மம் பெரும்பாலும் தரப்படுவது. கழுவித் துடைத்த தலையில் அதைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு அலசவேண்டும். ஈர்களை அது முழுவதும் கொல்லாது. ஆகையால் ஒன்பதாம் நாள் மறுமுறையும் தடவியாக வேண்டும். இந்த இரண்டாம் முறையை விட்டுவிட்டு மருந்து பலிக்கவில்லை என்று கூறுவோர் பலர். சொறிக்குத் தரும் 5 சதவீதக் களிம்பு வேறு, இது வேறு. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. மருத்துவரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கேட்டு வாங்குவதே முறை.

பெர்மெத்ரின் என்பது, பருத்தி விளைவிப்போர் நன்கறிந்த சைபர்மெத்ரின், பென்வலரேட் ஆகியவற்றின் உறவு. மூன்றும் பைரெத்திராய்டு என்ற ஒரே குடும்பம். 1987-88 பருவத்தில் ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் என்ன நடந்தது என்பதை மூத்த விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். எத்தனை முறை அடித்தும் பச்சைக் காய்ப்புழு சாகாமல், பருத்தி அழிந்து, கடன்பட்ட குடும்பங்கள் நொடித்தன. திரும்பத் திரும்ப ஒரே குடும்பத்து மருந்தை அடித்ததால், அதற்குத் தப்பிய புழுக்களே பெருகிவிட்டன. அதுவே பேனிடத்திலும் நிகழ்ந்தது. 1990களின் முற்பகுதியிலேயே ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் பெர்மெத்ரினுக்கு அடங்காத பேன் காணப்பட்டது. எனவே இருமுறை சரியாகத் தடவியும் பேன் ஊர்ந்தால், மூன்றாம் முறை அதையே தடவுவது அறிவுடைமை ஆகாது. டைமெத்திகோன் என்ற ஒருவகை எண்ணெய் உண்டு. அது நஞ்சால் கொல்லாமல் பேனைப் போர்த்து மூடிக் கொல்வதால், இத்தகைய பழக்கத்துக்கு எளிதில் இடம் தராது என்று கருதுகிறார்கள். மருத்துவர் அதையோ வேறொன்றையோ சொல்லக்கூடும்.

பேனால் கொடிய காய்ச்சல் வரும் என்று அஞ்சுவோருக்கு ஒரு சொல். காய்ச்சலைப் பரப்புவது தலைப்பேன் அன்று. அதன் உடன்பிறப்பாகிய உடைப்பேன். துணியின் தையலில் முட்டையிட்டு வாழும் இதுவே டைபஸ் காய்ச்சலைக் கொண்டுசெல்கிறது என்பதைச் சார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1909ஆம் ஆண்டில் துனிசு நகரில் நிறுவினார். அதற்காக 1928ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். நோயாளிகளைக் குளிப்பாட்டி உடை மாற்றியபின் அவர்களால் பிறருக்கு நோய் பற்றாததைக் கண்டே அவருக்கு உடையின்மேல் ஐயம் தோன்றியது. நம்மவர்க்குச் சுவையான செய்தி மற்றொன்று. உடைப்பேன் தலைப்பேனிலிருந்து எப்போது பிரிந்தது என்பதை மரபணுக் கொண்டு கணித்து, மனிதன் உடை உடுத்தத் தொடங்கிய காலத்தை அறிஞர் மதிப்பிடுகின்றனர். 2011ஆம் ஆண்டு வெளியான கணிப்பு ஒன்று அதைச் சுமார் 1,70,000 ஆண்டுகளுக்கு முன் வைக்கிறது. அது தோலாடையாகத்தான் இருந்திருக்கும். தறிக்கு அந்தப் பெருமை இல்லை. தலைப்பேனால் நேரக்கூடியது அரிப்பும், தூக்கக் கேடும், சொறிந்த புண்ணில் சீழ் பிடித்தலும், அதனால் கழுத்தில் நெறி கட்டுதலுமே. சீழோ காய்ச்சலோ கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டவேண்டும்.

இனிப் பள்ளி ஆசிரியர்களுக்கு நாம் பணிவோடு கூற விரும்புவது. முதன்முறை பேன் பற்றிய பிள்ளைக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். நீங்கள் இன்று கண்டுபிடித்த பேன் ஏற்கனவே ஒரு மாதம் அதே வகுப்பில் இருந்திருக்கிறது. இன்றைக்கு அப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதால் எதைத் தடுத்தவர் ஆவீர்? மேலும் மயிரில் தெரியும் வெள்ளை ஈர் பெரும்பாலும் வெறும் கூடு. மயிர் மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஈர் பத்து நாளில் பொரிந்துவிடும். ஆக, தோலுக்கு அப்பால் தள்ளி நிற்கும் ஈர்களில் பெரும்பாலானவை பொரிந்தனவோ செத்தனவோ ஆகும். வெப்ப நாடுகளில் சற்றுத் தள்ளியும் முட்டையிடுவது உண்டாதலால், தூரத்தை மட்டும் நம்பாமல் ஊரும் பேன் உண்டா என்று சீப்பிட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. கூடு மயிரோடு வளர்ந்து போக மாதக்கணக்காகும். அதுவரை பள்ளி இல்லை என்பது நியாயமா? பேனுக்காகவோ ஈருக்காகவோ பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பல்லாண்டுகளாக வற்புறுத்தி வருகிறது. கூந்தலை இரட்டைச் சடையாக இறுகப் பின்னி வரச்செய்து, பெற்றோரிடம் தனியே சொன்னால் போதும்.

ஒரு வீட்டார் மட்டும் எவ்வளவு ஒழுங்காகச் சீவினாலும், எதிர்வீட்டுப் பிள்ளையோடு ஐந்தாங்கல் ஆடுகையில் பேன் திரும்பிவிடும். முன்சொன்ன சங்கத்தில் அந்த வாரமே நிர்வாகக் குழு கூடி இதைப் பேசிற்று. பேன் சீப்புகள் மொத்தமாக வாங்கப்பட்டு, நூல் வழங்கும் சாளரத்திலேயே அடக்க விலைக்குத் தரப்பட்டன. நூல் வழங்கும் தேதிகள் எழுதும் பலகையில், அவற்றின் கீழே, சீவவேண்டிய நான்கு நாட்களும் எழுதப்பட்டன. முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. தெருவில் திண்ணைதோறும் பிள்ளைகளை உட்கார்த்திவைத்துத் தட்டும் துணியுமாகத் தாய்மார்கள் சீவினர். ஒரே பாயில் படுப்பவர்கள் ஆதலால் தாயும் பாட்டியும் தங்கள் தலையையும் சீப்புக்குக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு முகம் சுளித்தவர்கள் இருந்தனர். அவ்வழியே வந்த பள்ளி ஆசிரியை ஒருவர் தாமே முன்வந்து உட்கார்ந்தார். அவர் தலையிலிருந்து மூன்று பேன் தட்டில் விழுந்தன. முதலில் சிரித்தவர் அவரே; அதன்பின் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

ஒன்பதாம் நாளைக்கு முன்பே சிறுமி பள்ளிக்குப் போய்விட்டாள். பிடரியில் புண் ஆறி வருகிறது. மாலையில் சிறிது நேரம் அவள் இன்னமும் தார் சுற்றுகிறாள். அதைப்பற்றித் தகப்பனாரிடம் தனியே பேசியிருக்கிறோம். பதின்மூன்றாம் நாள் அவ்வீட்டுத் தட்டில் ஒன்றும் விழவில்லை. அடுத்த வீட்டில் மட்டும் இரண்டு குஞ்சுகள் அகப்பட்டன. அவ்வீட்டார் 17ஆம் நாளையும் பலகையில் எழுதச் சொன்னார்கள்.